இனிப்பு கொடுத்தால் போதுமா?

வீட்டில் குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் கோவிலில் அர்ச்சனை, அடுக்களையில் பாயசம், மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடன் கேக். கசார்வாடி, தாபோடி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் என்று இந்தத் தொழிற்பேட்டை வட்டாரத்தில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. அருகில் உள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் போய் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு வருவார்கள். பெற்றோரின் திதி, மணநாள், பிள்ளையின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று ஏதாவது ஒன்றை முன்னிட்டு இது நடக்கும். உற்றார் உறவினர் எல்லாம் ஊரில் இருக்க, நாம் இங்கே தனியாக இருக்கிறோம். நம் மகிழ்ச்சியை யாருடனாவது பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற நல்ல மனம்தான் இதற்குக் காரணம். இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

அங்கே நாம் பார்ப்பது என்ன? தரை சுத்தமாக இருக்கிறது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பிரார்த்தனை சொல்கிறார்கள். தட்டில் பூரி, சிரீகண்ட், ஒரு ஜிலேபி. அப்போது மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஓடிவந்து நம் காலைக் கட்டிக்கொள்கிறது, தூக்கச் சொல்கிறது, இறங்க மறுக்கிறது. நம் மனம் உருகிப் போகிறது. "எவ்வளவு பாசமான குழந்தை!" என்று வீடு திரும்பும் வரை அதே பேச்சு.

அந்தப் பாசத்தைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வீட்டு மூன்று வயதுக் குழந்தை, முன்பின் தெரியாதவர் வந்தால் என்ன செய்யும்? அம்மாவின் புடவைத் தலைப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒளிந்துகொள்ள அதற்கு ஒரு தலைப்பு இருக்கிறது. இவர் நம்மவர், அவர் வேற்றாள் என்று பிரித்தறிய அதற்குத் தெரிந்திருக்கிறது. யார் வந்தாலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு, தன்னவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர் இல்லாமல் இருக்கலாம். இல்லங்களில் வளரும் குழந்தைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர்கள் பல நாடுகளில் கண்டு எழுதியிருக்கும் அறிகுறி இது. அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்டு அழுகையையே விட்டுவிடும் குழந்தைகளும், தாலாட்ட ஆளில்லாததால் உட்கார்ந்தபடி தன்னைத் தானே முன்னும் பின்னும் ஆட்டிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. "இந்தக் குழந்தை தொந்தரவே செய்யாது" என்று பிறர் மெச்சும் குழந்தையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

சுத்தமான தொட்டில் மட்டும் போதவில்லை

1945-ல் ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் இரண்டு இடங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். உணவு, மருத்துவம், தூய்மை எதிலும் குறை இல்லை. ஆனால் ஒரு செவிலிக்கு எட்டுக் குழந்தைகள். நோய் தொற்றாமல் இருக்கத் தொட்டிலைச் சுற்றி வெள்ளைத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். குழந்தைக்குத் தெரிந்த உலகம் மேற்கூரை மட்டுமே. இன்னொன்று, பெண்கள் சிறைச்சாலையை ஒட்டிய குழந்தைகள் கூடம். அங்கே தாய்மார்கள் தாங்களே பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டார்கள். இரண்டாண்டுக் கணக்கைப் பார்த்தபோது, அந்தச் சுத்தமான இல்லத்தில் 91 குழந்தைகளில் 34 பேர் இறந்துபோயிருந்தார்கள். சிறைச்சாலைக் கூடத்தில் ஒரு குழந்தையும் இறக்கவில்லை.

அது பழைய காலம், இன்று மருந்து வளர்ந்துவிட்டது என்று சொல்லலாம். ருமேனியா நாட்டில் 1989-ல் சர்வாதிகாரி சௌசெஸ்கு வீழ்ந்தபோது, அரசு இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடைபட்டிருந்தது உலகுக்குத் தெரியவந்தது. 2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். நான்கரை வயதில் அறிவுத்திறனை அளந்து பார்த்தபோது, இல்லக் குழந்தைகளின் சராசரி 73. வளர்ப்புக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 81. பெற்றோருடனேயே வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அதிகம் தேறினார்கள். கால தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் இதிலிருந்து தெரிந்தது.

எல்லாக் குழந்தைகளையும் உடனே குடும்பங்களில் சேர்ப்பது நடக்காத காரியம் என்றால், இல்லத்துக்குள்ளேயே எதையாவது மாற்ற முடியுமா? முடியும் என்று ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் காட்டினார்கள். அங்கிருந்த இல்லங்களில் ஒரு குழந்தை, இரண்டு வயது ஆவதற்குள் அறுபது முதல் நூறு வெவ்வேறு ஆட்களின் கைகளைப் பார்த்துவிடும். ஒரு இல்லத்தில் இதை மாற்றினார்கள். பன்னிரண்டு பேர் இருந்த குழுவை ஆறு ஏழு பேராகக் குறைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத இரண்டு பராமரிப்பாளர்களை நியமித்தார்கள். தினமும் சிறிது நேரம் வேறு வேலை எதுவும் இல்லாமல் குழந்தைகளோடு உட்கார்ந்து விளையாட வைத்தார்கள். உணவிலோ மருந்திலோ மாற்றம் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகள் அறிவில் மட்டுமல்ல, உயரத்திலும் எடையிலும் கூடத் தேறினார்கள்! 2008-ல் வெளிவந்த முடிவு இது. அதே கஞ்சிதான், ஊட்டும் கை மாறாமல் இருந்தால் அது உடம்பில் ஒட்டுகிறது.

மவுஷி என்கிற அந்த ஒருத்தி

நம் மராட்டிய மாநில இல்லங்களில் குழந்தைகளைக் கவனிக்கும் பெண்களை "மவுஷி" என்று அழைப்பது வழக்கம். மவுஷி என்றால் தாயின் சகோதரி. நம் வழக்கில் சித்தி, பெரியம்மா. உறவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உறவுக்கு ஏற்ற நேரத்தையும் ஊதியத்தையும் மதிப்பையும் கொடுக்கிறோமா என்பதுதான் கேள்வி.

ஒரு மவுஷியின் காலை வேளையை எண்ணிப் பாருங்கள். பள்ளி வாகனம் வருவதற்குள் பத்துப் பதினைந்து பேரை எழுப்பிக் குளிப்பாட்டி, தலைவாரி, உடுத்தி, ஊட்டி அனுப்ப வேண்டும். நம் வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் கிளப்புவதற்கே நமக்கு மூச்சு வாங்குகிறது. இந்த அவசரத்தில் "ஏன் கண்ணு, முகம் வாடியிருக்கு?" என்று கேட்க அவளுக்கு ஏது நேரம்? எட்டு மணி நேர வேலை முடிந்ததும் அடுத்தவள் வருவாள். சம்பளம் குறைவு என்பதால் ஓராண்டு, ஈராண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவாள். ஒட்டிக்கொண்ட குழந்தை மறுபடியும் ஒருத்தியை இழக்கும். இரண்டு மூன்று முறை இப்படி இழந்த குழந்தை அடுத்தவளிடம் ஒட்டுவதையே நிறுத்திக்கொள்ளும்.

ஒட்டுதல் வேண்டாம், பிரியும்போது குழந்தை அழும் என்று சில நிர்வாகிகள் நினைப்பதுண்டு. அதனாலேயே ஆட்களை வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போடுவார்கள். இது தவறான கணக்கு. ஒருவரிடம் நன்றாக ஒட்டிய குழந்தைதான், பிறகு தத்தெடுக்கும் பெற்றோரிடமும் எளிதாக ஒட்டும். அன்பு செலுத்தும் பழக்கம் அதற்குக் கைவந்துவிட்டது.

குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டே இதைச் செய்யலாம் என்பதற்கு ஹங்கேரி நாட்டில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. புடாபெஸ்ட் நகரில் லோட்சி தெருவில் 1946-ல் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் ஓர் இல்லம் தொடங்கினார். தனியாகக் கொஞ்ச நேரமில்லை என்றால், குளிப்பாட்டும் நேரத்தையும் ஊட்டும் நேரத்தையுமே கொஞ்சும் நேரமாக்கிக்கொள் என்பது அவருடைய வழி. குழந்தையைத் தூக்கும் முன் "உன்னைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். சட்டைக் கையை மாட்டும்போது அது தானாகக் கை நீட்டும் வரை காத்திருக்க வேண்டும். எந்தக் குழந்தைக்குப் பின் எந்தக் குழந்தை என்ற வரிசை தினமும் மாறக்கூடாது. தன் முறை நிச்சயம் வரும் என்று தெரிந்த குழந்தை பதறாமல் காத்திருக்கும். நம் பாட்டிமார்கள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறப் போட்டு, பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது நினைவுக்கு வருகிறதா? அதேதான்!

இந்த மண்ணிலேயே உள்ள பாடங்கள்

இதற்கெல்லாம் நாம் ஐரோப்பாவைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தப் புனேயில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1863-ல், கைவிடப்பட்ட கைம்பெண்களும் அவர்களுக்குப் பிறந்த சிசுக்களும் உயிர் பிழைக்க ஓர் இல்லம் நடத்தினார்கள். அப்படிப் பிறந்த யஷ்வந்த் என்ற குழந்தையைத் தங்கள் மகனாகவே வளர்த்து மருத்துவராக்கினார்கள். பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்த பண்டித ரமாபாய், 1890-களின் பஞ்சத்தில் தவித்த நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமிகளையும் தௌண்ட் செல்லும் வழியில் உள்ள கேட்காவில் சேர்த்துக் காத்தார். அந்த முக்தி இல்லம் இன்றும் நடக்கிறது.

2022 ஜனவரியில் மறைந்த சிந்துதாய் சப்காளை நம்மில் பலர் அறிவோம். கணவர் வீட்டாரால் கர்ப்பிணியாக விரட்டப்பட்டு, ரயில் நிலையங்களில் பாடிப் பிச்சை எடுத்து, அங்கே கிடந்த குழந்தைகளைத் தன் குழந்தைகளாக்கிக்கொண்டவர். எல்லோருக்கும் அவர் "மாயி". 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிற குழந்தைகளுக்கும் தன் மகளுக்கும் நடுவே பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்று, தான் பெற்ற மகள் மமதாவைப் புனே தக்டுசேட் ஹல்வாய் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைத்தார். இது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் ஒரு உண்மை இதில் அடங்கியிருக்கிறது. தட்டில் விழும் சோற்றைவிட, "நான் இவளுக்கு வேண்டியவனா?" என்பதைத்தான் குழந்தை முதலில் கவனிக்கிறது. அதை மாயி அறிந்திருந்தார்.

சகோதரி லூசி குரியன் 1997-ல் வடு புத்ருக் கிராமத்தில் தொடங்கிய "மாஹேர்" அமைப்பும் கவனிக்கத்தக்கது. மாஹேர் என்றால் மராட்டியில் தாய்வீடு. கணவன் கொடுமையால் வீட்டை விட்டு வந்த பெண்களில் சிலர் அங்கே இல்லத் தாய்மார்களாகிக் குழந்தைகளை வளர்க்கிறார்கள். ஆதரவு தேடி வந்தவளே ஆதரவாகிவிடுகிறாள்.

கசார்வாடியில் லோக்கல் ரயில் ஏறிப் புனே ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே சசூன் மருத்துவமனை. அதோடு இணைந்த சோபோஷ் அமைப்பு நடத்தும் "ஸ்ரீவத்ஸ" இல்லத்திலிருந்து 1979-ல் பிறந்த சில வாரங்களிலேயே தத்துப் போன பெண் குழந்தைதான், பின்னாளில் ஆஸ்திரேலிய மகளிர் கிரிக்கெட் அணித் தலைவியாக விளங்கிய லிசா ஸ்தலேகர். எல்லாக் குழந்தையும் அணித் தலைவி ஆக வேண்டாம். காலத்தோடு ஒரு குடும்பம் கிடைத்தால் அதன் வாழ்க்கை எப்படித் திசை மாறுகிறது என்பதற்காகவே சொல்கிறோம்.

நம் தமிழகத்திலும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் ஒளவை இல்லத்தைத் தன் வீட்டில்தான் தொடங்கினார். ஆஸ்திரியாவில் ஹெர்மன் மைனர் 1949-ல் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். கிராமங்களின் முறை தாம்பரத்திலும், சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்திலும் வந்தது. சிறு வயதில் தாயை இழந்து அக்காளின் கையில் வளர்ந்தவர் மைனர். அதனால்தானோ என்னவோ, பெரிய கூடங்களை விட்டுவிட்டு, ஒரு தாய், சில குழந்தைகள், தனி வீடு, தனி அடுக்களை என்று அமைத்தார். உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக் கூடாது என்பதும் அவர் விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்துவது குற்றம். 2016-ம் ஆண்டு விதிகளின்படி படுக்கும் கூடத்தில் ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி இடம் வேண்டும். ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை வேண்டும். அடிப்பதும் குற்றம்.

இந்தக் கண்டிப்பு காரணமில்லாமல் வரவில்லை. மகாபலிபுரத்தில் சில இல்லங்களில் குழந்தைகள் வெளிநாட்டுப் பயணிகளின் வக்கிரத்துக்கு இரையாவதாக 2007-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. அதை வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான தீர்ப்பை அளித்தது. பீகாரில் முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமை 2018-ல் வெளியானது, மும்பை டாடா சமூக அறிவியல் நிலையத்தார் நேரில் சென்று ஆய்வு செய்ததால்தான். வெளியாட்கள் பொறுப்போடு வந்து போகும் இல்லத்தில் கெட்டது நடப்பது கடினம்.

அநாதை என்பவர் யார்?

மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 9,589 இல்லங்களில் 3,70,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் சுமார் 42,000 பேர்தான். ஒற்றைப் பெற்றோர் உள்ள குழந்தைகள் 1,20,000 பேர்! கணவனை இழந்து, வீட்டு வேலை செய்து பிழைக்கும் தாய், பிள்ளைக்குச் சோறும் படிப்பும் கிடைக்கட்டும் என்று கொண்டுவந்து விட்டுப் போகிறாள். அந்தத் தாய்க்கு மாதந்தோறும் சிறிய உதவி கிடைத்தால் பிள்ளை அவள் மடியிலேயே வளரும்.

அந்த உதவி இருக்கிறது. மகாராஷ்டிர அரசின் பால சங்கோபன் திட்டத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மாதம் தரும் தொகை 2023-ல் 2,250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 2022 முதல் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழி உண்டு. வருமானம், குடும்ப நிலை முதலிய நிபந்தனைகள் உண்டு; மாவட்ட மகளிர் மற்றும் குழந்தைகள் நல அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிவித்து, மனு எழுதிக் கொடுத்து, ஒரு நாள் லீவு போட்டு அலுவலகத்துக்குக் கூட அழைத்துப் போனால், ஒரு குழந்தை இல்லத்துக்குப் போவதே நின்றுவிடும். நூறு பேருக்குச் சாப்பாடு போட்ட புண்ணியத்துக்கு இது குறைந்ததல்ல.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: எந்த இல்லத்துக்குப் போகிறோமோ அதன் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். நல்ல நிர்வாகி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு: ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருமாகப் போவதைவிட, ஒருவர் மாதம் இரண்டு முறை, சொன்ன கிழமையில், சொன்ன நேரத்தில் போவது மேல். கணக்குச் சொல்லிக் கொடுங்கள், கேரம் ஆடுங்கள். "அடுத்த ஞாயிறு வருகிறேன்" என்று சொன்னால் தவறாமல் போக வேண்டும். போக முடியாது என்று தெரிந்தால் சொல்லவே சொல்லாதீர்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கிவிட்டு வருவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது மவுஷியின் இடம்.

மூன்று: மவுஷிகளை மறக்காதீர்கள். நன்கொடை கொடுக்கும்போது, "இது கூடுதலாக ஒரு மவுஷியின் சம்பளத்துக்கு" என்று குறிப்பிட்டுக் கொடுக்கலாம். நன்கொடையாளர்கள் பலர் மின்விசிறியும் அலமாரியும் வாங்கித் தந்து பெயர் பொறிக்க விரும்புகிறார்கள். சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் குழந்தைக்கு அதுதான் அதிகம் பயன்படும். மவுஷியின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட உதவினால், அவள் வேலையை விட்டுப் போகாமல் இருக்க அதுவும் ஒரு காரணமாகும்.

நான்கு: குழந்தைகளோடு படம் எடுத்து வெளியிட வேண்டாம். சிறார் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவு பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சங்க மலர்களுக்கும் இது பொருந்தும். நாளை அந்தப் பிள்ளை பெரியவனாகி வேலைக்குப் போகும்போது, தட்டு ஏந்தி நின்ற அவன் படம் எங்கோ ஒரு பக்கத்தில் இருப்பதை அவன் விரும்புவானா?

ஐந்து: இது தமிழர்களாகிய நம்மால் மட்டுமே முடிந்தது. சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்கள் புனே வழியாகத்தான் போகின்றன. ஊரை விட்டு ஓடிவந்த தமிழ்ப் பிள்ளை ஒன்று இங்கே இறங்கிவிட்டால், தன் ஊர் எது, தகப்பன் பெயர் என்ன என்று யாரிடம் எந்த மொழியில் சொல்லும்? குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி தர விதிகளில் இடம் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதற்கான பட்டியல் வைத்திருக்க வேண்டும். தமிழும் மராட்டியும் அறிந்த நம் சங்கத்து ஆசிரியைகளும் ஓய்வு பெற்ற அன்பர்களும் அதில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். "பயப்படாதேப்பா, உன் ஊர் எது?" என்று தமிழில் கேட்கும் ஒரு குரல், அந்தப் பிள்ளையை வீட்டில் கொண்டு சேர்க்கும் முதல் படி.

ஆறு: தனியாகத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் 1098 எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அக்குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். நாமாக எங்கோ ஓர் இல்லத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. தத்தெடுக்க விரும்புவோரும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து முறைப்படியே செல்ல வேண்டும்.

குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே என்பது நம் பழமொழி. கொண்டாடுவது என்றால் ஒரு நாள் விழா எடுப்பது என்று மட்டும் பொருள் கொண்டுவிட்டோம். தெய்வத்துக்குக் கூட ஆண்டுக்கு ஒரு நாள் தேர் என்றால், மற்ற நாட்களில் வேளை தவறாமல் விளக்கேற்ற ஒரு அர்ச்சகர் வேண்டியிருக்கிறது. அடுத்த பிறந்த நாளுக்கும் இனிப்பு எடுத்துச் செல்லுங்கள், பிள்ளைகள் மகிழட்டும். பந்தி முடிந்து எல்லோரும் கை கழுவும் நேரத்தில், பின்கட்டில் பாத்திரம் எண்ணிக்கொண்டிருக்கும் மவுஷியிடம் இரண்டு நிமிடம் நின்று, "இங்கே எத்தனை வருஷமா இருக்கீங்க? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அவர் சொல்லும் பதிலை அடுத்த சங்கக் கூட்டத்தில் கொண்டுவந்து வையுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.